திரையில் பார்த்த சண்டையை மேசைக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைப் போர் விளையாட்டுகளை நடத்தத் தொடங்கியதிலிருந்து புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். "அந்தப் படத்தில் வருகிற சண்டையை நாமும் விளையாடலாமா?" என்று தொடங்கும், அப்புறம் ஒவ்வொன்றாக வரும். தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். சில படங்களின் முடிவு இதில் வெளிப்படும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1. மேசைப் போர் விளையாட்டுன்னா என்னங்க? செஸ் மாதிரியா?

செஸ்ஸுக்குத் தூரத்துச் சொந்தம். கட்டம் போட்ட பலகைக்குப் பதில் மேசை முழுக்கக் குன்று, வேலி, ஆறு, வீடு இருக்கும். காய்களுக்குப் பதில் சின்னஞ்சிறு பொம்மை வீரர்கள். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுநாடா சொல்லும், அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். செஸ்ஸில் தற்செயலுக்கு இடமில்லை. இங்கே உண்டு. அதனால் எவ்வளவு நல்ல திட்டமும் பாதியில் மாற வேண்டிவரும்.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி 1824-இல் வெளியிட்ட விதிகள் இந்த விளையாட்டின் மூத்த வேர்களில் ஒன்று. அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக வந்தவை அவை. வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்துவார்கள், நடுவில் ஒரு நடுவர் இருப்பார். 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியையும் வைத்து வீட்டில் விளையாடுவதற்கு விதிகள் எழுதினார். இன்று நாம் விளையாடுவது இந்த இரண்டு வழிகளும் கலந்து வளர்ந்த ஒன்று.

2. போர் பற்றிப் புத்தகங்கள் இருக்கே, படம் எதுக்கு?

புத்தகம் எத்தனை பேர், எந்த நாள், யார் தளபதி என்று சொல்லும். அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு மதில்மேல் நிற்பவனுக்கு எவ்வளவு தூரம் தெரியும், புகைக்குள் கட்டளை எப்படிக் காணாமல் போகும், கதவைச் சாத்துவதற்கு எத்தனை பேர் தோள் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நல்ல காட்சி ஒரே நிமிடத்தில் உணர்த்திவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மேசையைச் சுற்றி நிற்பவர்கள் அந்தப் பொம்மைகள்மேல் அக்கறைப்பட வேண்டும். "மூன்றாவது அணி" என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "ஆற்றங்கரையில் தனியாக மாட்டிக்கொண்டவர்கள்" என்றால் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். அந்த அக்கறையைப் படம் இலவசமாகத் தருகிறது.

3. படம் பார்க்கும்போது எதைக் குறிச்சு வைக்கணும்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். புதிதாக வருபவர்கள் உடையையும் ஆயுதத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். நான் குறித்துக்கொள்வது நெருக்கடியை. இரண்டு தரப்புக்கும் என்ன வேண்டும்? எது போதவில்லை: ஆளா, நேரமா, குண்டா? தரை யாருக்கு உதவுகிறது? எந்தக் கணத்தில் தலைவன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்? இந்த நான்கும் கிடைத்துவிட்டால் ஆட்டம் கிடைத்துவிட்டது.

அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) இதற்கு நான் எப்போதும் காட்டும் பாடம். கொள்ளையர் நாற்பது பேர், காப்பவர்கள் ஏழு வீரர்களும் பயந்த கிராமத்து மக்களும். ஒரு பக்கம் வேலி போடுகிறார்கள், ஒரு பக்கம் வயலில் நீரைத் தேக்குகிறார்கள், பாலத்தை உடைக்கிறார்கள். ஆனால் ஒரு வழியை வேண்டுமென்றே திறந்து வைத்து, எதிரியை ஒன்றிரண்டு பேராக உள்ளே விட்டு, பின்னால் ஈட்டிகளால் அடைக்கிறார்கள். தலைவர் காகிதத்தில் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கொள்ளையன் விழும்போதும் ஒன்றை அடித்துக்கொண்டே வருகிறார். ஆட்டத்தின் கணக்குத் தாளே திரையில் இருக்கிறது!

கொள்ளையரிடம் மூன்று துப்பாக்கிகள் உண்டு. அதில் ஒன்றைப் பறிக்க ஒருவன் தன் இடத்தை விட்டுப் போகிறான். துப்பாக்கியோடுதான் திரும்புகிறான், ஆனால் அந்த நேரத்தில் அவன் விட்டுப்போன இடத்தில் தாக்குதல் நடந்துவிடுகிறது. மேசையில் இதைவிட நல்ல தேர்வு ஒன்றை நான் கண்டதில்லை: இருக்கும் இடத்தைக் காப்பதா, துப்பாக்கியை ஒழிப்பதா? அந்த ஏழு பேரில் இறக்கும் நால்வருமே துப்பாக்கிக் குண்டுக்குத்தான் பலியாகிறார்கள் என்பதை நினைத்தால் அந்தத் தேர்வின் கனம் புரியும்.

4. முதல் ஆட்டத்துக்கு எந்த மாதிரி சண்டையை எடுக்கலாம்?

சின்னதை. ஒரு பக்கம் பத்துப் பதினைந்து பேர் போதும். 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' (2001) தொடரின் இரண்டாம் பகுதியில் வரும் பிரெக்கூர் தாக்குதலைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சில் உண்மையில் நடந்தது. பன்னிரண்டு பதின்மூன்று பேரோடு கிளம்பிய அமெரிக்க லெப்டினன்ட் வின்டர்ஸ், ஜெர்மானியரின் பதுங்குகுழிகளால் இணைக்கப்பட்ட நான்கு பீரங்கிகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கிறார். எதிரிகள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், குறிக்கோள் அவ்வளவு தெளிவு: நான்கு பீரங்கி. ஒன்றை முடித்ததும் அடுத்ததற்குப் போவதா, பிடித்த குழியைக் காக்க ஆள் விட்டுவிட்டுப் போவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேள்வி எழும். ஒரு பீரங்கி அருகே ஜெர்மானியரின் வரைபடம் ஒன்று கிடைத்ததும் வரலாறுதான். அதற்குத் தனிப் புள்ளி கொடுங்கள், ஆட்டக்காரர் ஒரு பொம்மையைத் தேவையில்லாத இடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் ஆசை வரும்.

5. என்ன சைஸ் பொம்மை வாங்கணும்?

படத்தில் உங்களை ஈர்த்தது முகமா, அணிவகுப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகம் என்றால் 28 மி.மீ.; ஒவ்வொரு ஆளையும் தனியாக அடையாளம் காணலாம், வண்ணம் தீட்டவும் சுகம். அணிவகுப்பு என்றால் 6 மி.மீ. அல்லது 10 மி.மீ.; மேசையில் உண்மையிலேயே ஒரு படை நிற்பது போலத் தெரியும். இரண்டாம் உலகப் போர் டாங்குகளோடு விளையாட 15 மி.மீ. நடுவாந்தரமாக இருக்கும். எதுவும் வாங்கத் தோன்றவில்லை என்றால் காகிதத்தில் வரைந்து வெட்டி நிறுத்துங்கள். விதிகளுக்கு வித்தியாசம் தெரியாது.

6. படத்துல ஆயிரக்கணக்கான பேர் ஓடி வர்றாங்க. என்கிட்ட நாற்பது பொம்மைதான் இருக்கு!

'வாட்டர்லூ' (1970) எடுக்க ஏறக்குறைய 15,000 சோவியத் காலாட்படையினரையும் 2,000 குதிரை வீரர்களையும் களத்தில் நிறுத்தினார்கள். நம்மால் முடியாது, தேவையும் இல்லை. போரை முழுதாகக் கொண்டுவராதீர்கள், அதில் ஒரு சட்டகத்தை மட்டும் கத்தரித்துக்கொள்ளுங்கள். நெப்போலியன் தோற்ற அந்த வாட்டர்லூ போரில், எதிரணி காத்துவந்த ஊகுமோன் பண்ணை வீட்டின் வாசலை உடைத்துக்கொண்டு சில டஜன் பிரெஞ்சு வீரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். காவலில் இருந்தவர்கள் கதவைத் திரும்பச் சாத்தியதுதான் அந்தப் பண்ணையைக் காப்பாற்றியது. அந்த வாசலும் முற்றமும் மட்டும் ஓர் ஆட்டம். மேசைக்கு வெளியே பெரும் போர் நடந்துகொண்டிருப்பதாக எல்லாரும் ஒப்புக்கொண்டால் போதும்.

கூட்டமாக வந்து மோதும் எதிரிக்கு இன்னொரு வழி: விழுந்த பொம்மையை மேசையின் ஓரத்திலிருந்து மறுபடி உள்ளே விடுங்கள். 1879 ஜனவரி 22, 23-இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் பிரிட்டிஷ் தரப்பில் ஏறக்குறைய 150 பேர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சூலு வீரர்களை எதிர்கொண்டார்கள். 'சூலு' (1964) படத்தை வைத்து நான் அமைத்த ஆட்டத்தில் சூலு பக்கம் முப்பது பொம்மைகள்தான். அவை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்ததால் காப்பவருக்கு முந்நூறு போலத் தெரிந்தது. மக்காச்சோள மூட்டைகளால் போட்ட வெளி அரண், பிஸ்கட் பெட்டிகளால் போட்ட உள் அரண் இரண்டையும் வையுங்கள். எப்போது உள்ளே பின்வாங்குவது என்பதே அந்த ஆட்டத்தின் உயிர்.

7. ஹீரோ முதல் சுற்றிலேயே செத்துட்டா ஆட்டம் சப்புன்னு ஆயிடுதே?

ஆகும். ஆனால் அவருக்குச் சாவே இல்லை என்று வைத்தால் இன்னும் சப்பென்று ஆகும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களை ஒட்டி 2001-இல் வந்த மேசை விளையாட்டு இதை அழகாகத் தீர்த்தது. நாயகர்களுக்கு மூன்று வகைப் புள்ளிகள் இருக்கும். ஒன்று பகடையில் விழுந்த எண்ணை உயர்த்தும், ஒன்று மாயத்தை எதிர்க்கவும் பயன்படுத்தவும் உதவும், ஒன்று உயிரைப் பறிக்கும் அடியிலிருந்து தப்பிக்க ஒரு வாய்ப்புத் தரும். மூன்றும் செலவழிந்தால் தீர்ந்தது.

அந்தக் கடைசி வகையை எந்த ஆட்டத்திலும் சேர்க்கலாம். நாயகனுக்கு இரண்டு "தப்பித்தல்" வில்லைகள் கொடுங்கள். முதல் வில்லையை ஆட்டக்காரர் வீராப்பாகச் செலவழிப்பார். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் யோசிக்கத் தொடங்குகிற நேரம்தான் படத்தில் பின்னணி இசை மாறுகிற நேரம்.

8. ஒரு பக்கம் தோத்தே ஆகணும்னு தெரிஞ்ச சண்டையை யாரு விளையாடுவாங்க?

நான் விளையாடுவேன், வெற்றிக்கு வேறு அளவுகோல் இருந்தால். நெதர்லாந்தின் ஆர்னெம் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' (1977) அதைக் காட்டுகிறது. 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் அதிகாரி ஃப்ராஸ்டின் தலைமையில் சுமார் 740 பேர் பாலத்தின் வடமுனையைப் பிடித்தார்கள். இரண்டு நாளில் துணைப்படை வந்துசேரும் என்பது திட்டம். வரவில்லை. மூன்று நாளுக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள்.

ஆகவே "பாலத்தைக் காப்பாற்றினால் வெற்றி" என்று எழுதாதீர்கள். "ஐந்தாவது சுற்றைத் தாண்டினால் வெற்றி" என்று எழுதுங்கள். இன்னும் நல்ல வழி, ஒரே ஆட்டத்தை இரண்டு முறை, பக்கம் மாற்றி ஆடுவது. நீங்கள் ஆறு சுற்று நின்றீர்கள், நான் ஏழு சுற்று நின்றேன், அப்போது நான் ஜெயித்தேன். சமநிலை பற்றிய தகராறே எழாது.

9. முடிவு எல்லாருக்கும் தெரியுமே, அப்புறம் என்ன சுவாரசியம்?

உடையை மாற்றிவிடுங்கள். திரையுலகமே இதைத்தான் செய்துவந்திருக்கிறது. 3-இல் சொன்ன ஏழு சாமுராய்கள் 1960-இல் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' படத்தில் துப்பாக்கி வீரர்களாகக் குதிரையேறி வந்தார்கள். 'ஸ்டார் வார்ஸ்' (1977) எடுத்தபோது ஜார்ஜ் லூகாஸ் விண்வெளிச் சண்டைகளுக்கு மாதிரியாக இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைக் காட்சிகளை ஒட்டி வைத்துத்தான் படத்தொகுப்பு செய்தார். நெருக்கடி அப்படியே இருக்க, காலமும் கருவியும் மட்டும் மாறின.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் பழைய இலக்கணம் போரை ஆயுதத்தை வைத்துப் பிரிக்கவில்லை, நோக்கத்தை வைத்துப் பிரித்தது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, அதை மீட்டால் கரந்தை, கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, வெட்டவெளியில் நேருக்கு நேர் மோதினால் தும்பை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்தச் சண்டை என்ன திணை என்று நான் என்னையே கேட்டுக்கொள்வேன். வெட்சி என்று தெரிந்துவிட்டால், ரயில் கொள்ளையை விண்கலக் கொள்ளையாக மாற்ற அரை மணிநேரம்கூட ஆகாது. ஆடுகிறவர்கள் மூலப்படத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருக்கும்.

10. படத்துல காட்டுறதை வரலாறுன்னு நம்பி ஆட்டம் அமைக்கலாமா?

ஒரு முறை சரிபார்த்துவிட்டு. 'பிரேவ்ஹார்ட்' (1995) படத்தில் ஸ்டர்லிங் பாலப் போர் வருகிறது, ஆனால் பாலம் வராது. இது சின்னப் பிழை அல்ல. 1297-இல் ஆங்கிலேயப் படை இரண்டு குதிரைகள் மட்டுமே சேர்ந்து போகக்கூடிய ஒடுங்கிய பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்தப் படையில் ஒரு பகுதி கடக்கும்வரை பொறுத்திருந்து, பாலத்தின் முனையை அடைத்துப் படையை இரண்டாக வெட்டினார்கள். எப்போது பாய்வது? சீக்கிரம் பாய்ந்தால் அகப்படுவது கொஞ்சம் பேர்தான். தாமதித்தால் எதிர்ப்படை முழுதும் வந்து நின்றுவிடும். மேசைக்கு இதைவிட நல்ல கேள்வி உண்டா? படம் அதைத்தான் விட்டுவிட்டது. வரலாற்றைத் தேடிப் படித்தால் படத்தைவிட நல்ல ஆட்டம் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

'பேட்டில் ஆஃப் தி பல்ஜ்' (1965) இன்னொரு வகை. இரண்டாம் உலகப் போரில் ஆர்டென் காட்டில் பனிக்காலத்தில் நடந்த போர், படத்தில் ஸ்பெயினின் வறண்ட வெட்டவெளியில் முடிகிறது. ஜெர்மானிய டாங்குகளாக நடித்தவை போருக்குப் பின் வந்த அமெரிக்க டாங்குகள். டாங்கின் உருவம் மாறினால் எனக்குப் பரவாயில்லை. காடு போய்விட்டால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் குறுகிய சாலைகளும் நெரிசலும்தான் அந்தப் போரை நடத்தின.

இதற்கு நேர்மாறாக 'ஃபியூரி' (2014). அதில் வருவது இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கு அருங்காட்சியகத்தில் உள்ள உண்மையான டைகர் என்ற ஜெர்மானிய டாங்கு. ஆனால் தூரத்திலிருந்தே வெல்லக்கூடிய அந்த டாங்கு, மறைவை விட்டு நெருங்கி வருகிறது. பொருள் உண்மை, நடத்தை நாடகத்துக்காக. ஆட்டத்தில் டைகரை வைத்திருப்பவர் அப்படி வரமாட்டார். அவர் ஏன் வரவேண்டும் என்பதற்கு நீங்கள்தான் ஒரு காரணம் அமைக்க வேண்டும்: மூடுபனி, அல்லது நேரக்கெடு.

11. படத்துல யாரும் ஓடிப்போறதில்லை. விதிப்புத்தகத்துல மட்டும் ஏன் இவ்வளவு 'மன உறுதி' சோதனை?

நாயகனின் பக்கத்தில் கேமரா நிற்பதால் அப்படித் தெரிகிறது. இரண்டு படைகளும் ஓடிவந்து கலந்து, ஒவ்வொருவரும் ஆளுக்கொரு எதிரியோடு சண்டை போடுவது கண்ணுக்கு விருந்து. ஆனால் பழைய காலப் படைகள் வரிசை குலையாமல் இருக்கவே பாடுபட்டன. வரிசை உடைந்து ஓடத் தொடங்கிய பிறகே பெருஞ்சாவு விழுந்தது. ஆகவே மன உறுதிச் சோதனையை, அதாவது அடிபட்ட அணி நிற்குமா ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்ப்பதை, தூக்கி எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் கடைசிப் பொம்மை விழும்வரை பகடை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் விறுவிறுப்பும் இருக்காது, உண்மையும் இருக்காது.

திரையின் சுவையும் வேண்டும் என்றால், நாயகன் அருகில் நிற்கிற அணிக்கு அந்தச் சோதனையை எளிதாக்குங்கள். அவர் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். எங்கே நிற்பது என்பது உடனே ஒரு தேர்வாகிவிடும்.

12. விண்வெளிச் சண்டைக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். 'ஸ்டார் வார்ஸ்' விண்கலங்களை வைத்து 2012-இல் வந்த 'எக்ஸ்-விங்' விளையாட்டைப் பாருங்கள். ஒவ்வொருவரும் தன் கலம் எப்படித் திரும்பும் என்பதை ஒரு சின்னச் சுழல்தட்டில் ரகசியமாகத் திருப்பிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாரும் முடிவு செய்த பிறகே திறந்து காட்டுவார்கள். எதிரி இடப்பக்கம் திரும்புவான் என்று நீங்கள் நம்பி முடிவெடுத்திருப்பீர்கள், அவன் வலப்பக்கம் போயிருப்பான். விமானியின் அந்தக் கணநேர ஊகத்தை ஒரு அட்டைத் துண்டு கொண்டுவந்துவிட்டது. படத்தில் எந்த உணர்வு பிடித்ததோ, அதை எந்தச் செயல் உண்டாக்கும் என்று தேடுவதற்கு இது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

13. சினிமாவா, டிவி தொடரா, எது அதிகம் உதவும்?

ஒரே நாள் ஆட்டத்துக்குப் படம். வாரா வாரம் தொடர்ந்து ஆடுவதற்குத் தொடர். தொடரில் காயம்பட்டவர் அடுத்த பகுதிக்கும் காயத்தோடு வருவார், தப்பிய எதிரி திரும்பி வருவான், குண்டு குறையும். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் உங்கள் பொம்மைகளுக்கு வாழ்க்கை வரலாறே உண்டாகும்.

குறைந்த செலவில் எடுத்த தொடர்களை நான் தனியாக விரும்புவேன். நெப்போலியன் காலத்தைக் காட்டும் 'ஷார்ப்' (1993 முதல்) தொடரில் கூட்டமே கிடையாது. ஒரு பெரிய போரின் ஓரத்தில், ஒரு சிறு குழுவுக்கு ஒரு தனி வேலை. 6-இல் சொன்ன கத்தரிப்பை அவர்கள் ஏற்கெனவே நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

14. மேசையில எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. பதுங்கித் தாக்குறதை, திடீர் திருப்பத்தை எப்படிக் கொண்டுவர்றது?

பழைய வழி நடுவர்தான். 1-இல் சொன்ன 1824-ஆம் ஆண்டு விளையாட்டில் எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவர் சொன்னால்தான் தெரியும். உங்களிடம் நடுவராக இருக்க ஒருவர் சம்மதித்தால் அவரைக் கொண்டாடுங்கள், வேறெதுவும் தேவைப்படாது. ஆள் இல்லையென்றால் அணிகளுக்குப் பதில் எண் எழுதிய அட்டைகளை நகர்த்துங்கள். பாதி அட்டைகள் வெற்று அட்டைகள். நெருங்கிப் பார்க்கும்போது மட்டும் திருப்பிக் காட்டினால் போதும்.

ஒருமுறை மட்டும் பலிக்கிற தந்திரத்துக்கு மடித்த காகிதம். 'பாகுபலி' (2015) முதல் பாகப் போரில் கவண்களால் பெரிய துணிகளை எதிரிப் படையின்மேல் வீசி, பிறகு தீ வைக்கிறார்கள். அதை விதியாக அச்சிட்டு எல்லாருக்கும் கொடுத்தால் எதிராளி அந்தப் பக்கமே வரமாட்டார். ஆட்டத்துக்கு முன் தந்திரத்தைக் காகிதத்தில் எழுதி மடித்து மேசையில் வைத்துவிட வேண்டும். எந்தச் சுற்று, எந்த இடம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். எதிராளி அங்கே வந்தால் பலித்தது, வராவிட்டால் வீண். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் தந்திரங்களை அனுமதித்தால் சண்டை மேசைக்கு மேலே நடக்கத் தொடங்கிவிடும்.

15. படம் விறுவிறுன்னு போகுது, நம்ம ஆட்டம் மட்டும் இழுக்குதே?

படத்தொகுப்பாளர் வெட்டி எறிந்ததை நீங்கள் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். மேசையின் இரு ஓரத்திலிருந்து நடந்து வருவதிலேயே மூன்று சுற்று போய்விடுகிறது. படைகளை அடிக்கும் தூரத்திலேயே நிறுத்தித் தொடங்குங்கள். ஆறு அல்லது எட்டுச் சுற்றோடு முடியுங்கள்.

16. நானே ஒரு படத்தை வச்சு விதி எழுதியிருக்கேன். வெளியிடலாமா?

நண்பர்களோடு ஆடுவதற்குத் தடையில்லை. விற்பதாக இருந்தால் படத்தின் பெயர், பாத்திரங்கள், சின்னங்கள் உரியவர்களுக்குச் சொந்தமானவை; அனுமதி வேண்டும். நெருக்கடி யாருக்கும் சொந்தமில்லை. 9-இல் சொன்னபடி உடையை மாற்றியிருந்தால் உங்கள் கையில் இருப்பது உங்களுடைய ஆட்டம்.

17. நிஜமா மக்கள் செத்த போரை, அதுவும் சமீபத்துல நடந்ததை, விளையாட்டாக்குறது சரியா?

இதைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். எனக்குள்ளும் இந்தக் கேள்வி ஓய்ந்ததில்லை. என் நடைமுறையைச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி உட்காரும் ஒருவருக்கு அந்தப் போர் இன்னும் காயமாக இருந்தால் அதை எடுப்பதில்லை. யாரிடமும் காரணம் கேட்பதும் இல்லை. "இது வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். பொதுமக்களைக் கொல்வதற்குப் புள்ளி கொடுக்கும் ஆட்டத்தை எந்தக் காலத்துப் போரானாலும் நடத்த மாட்டேன்.

பொதுமக்களை மேசையிலிருந்து எடுத்துவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 3-இல் சொன்ன கிராமத்தில் அவர்கள்தான் சண்டைக்கே காரணம். அவர்களை வெளியேற்றிக் காப்பது ஒரு தரப்பின் குறிக்கோளாக இருக்கட்டும். எதிரிப் பக்கத்தை ஆடுகிறவருக்கும் அவர் தரப்பு ஏன் வந்தது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். படம் பல நேரங்களில் எதிரியை முகமில்லாதவனாகக் காட்டும். மேசையில் அந்த எதிரியாக உட்கார்ந்திருப்பது நம் நண்பர்.

18. படத்தைப் பார்த்துப் பார்த்து அமைச்சேன், ஆனா ஆட்டம் சொதப்பிடுச்சு. எங்க தப்பு?

பெரும்பாலும், காட்சியை அப்படியே நகல் எடுத்ததில். எனக்கும் நடந்தது. இரவில் ஒரு பாலத்தைத் தகர்க்கும் காட்சி. காவலர்கள் கடைசியில்தான் விழித்துக்கொள்வார்கள். அதையே விதியாக எழுதினேன். காவலர் பக்கம் இருந்த நண்பர் ஒன்றரை மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். திரையில் அது பதற்றம். மேசையில் ஒரு மனிதருக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அடுத்த முறை காவலருக்கு இரண்டு ரோந்து அணிகளும் ஒரே ஒரு தேடுவிளக்கும் கொடுத்தேன். விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் அவர் முடிவு செய்ய வேண்டும். தகர்க்க வருகிறவர்கள் சத்தம் போட்டால் பகடை உருட்டி, அது காதில் விழுந்ததா என்று பார்ப்போம். அதே மேசை, அதே பாலம். விளக்கு திரும்பிய ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும்போதும், நான்காவது சுற்றில் விளக்கை ஆற்றுப் பக்கம் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.